கேள்வித்தாளில் ‘ஊழு2’

காட்பாடியில் ஓர் ஆசிரியர் அறிவியல் கேள்வித்தாள் தயாரித்துக் குறுவள மைய (சுற்றுவட்டாரப் பள்ளிகளின்) வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். குடியாத்தத்தில் இன்னொருவர் கைப்பேசியில் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குவியல். “சார், ஃபாண்ட் அனுப்புங்க” என்று கேட்டால் பிடிஎஃப் வருகிறது. அதை அச்செடுக்கலாம், தன் வகுப்புக்கு ஏற்றபடி ஒரு கேள்வியைக்கூட மாற்ற முடியாது. கடைசியில் முழுத்தாளையும் மறுபடி தட்டச்சு செய்கிறார். எத்தனை பேருடைய இரவு இப்படிப் போகிறது!

கோளாறு எழுத்துருவில் இருக்கிறது. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஐந்து குறிகள். தமிழ் வடிவம் எழுத்துருவில் மட்டும்தான் உண்டு. அது இல்லாத கருவியில் ஆங்கிலம்தான் தெரியும். வானவில் அவ்வையார் என்ற இன்னொரு எழுத்துருவுக்கு வேறு குறியீடு. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான குறியீடான யூனிகோடில் ‘அ’ எங்கே போனாலும் ‘அ’தான். தமிழ்நாடு அரசு 2010-லேயே அதைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனாலும் கைப்பழக்கம் விடுவதில்லை. டிடிபி கடைகளில் இன்னும் பாமினி ஓடுகிறது.

பழைய தாள்களைத் தூக்கிப்போட வேண்டாம், ‘மாற்றி’ (கன்வெர்ட்டர்) என்ற மென்பொருளில் ஒட்டி யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாம். முதலில் வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எழுத்துரு நம் கணினியில் இல்லாவிட்டாலும் பெயர் காட்டும். மாற்றியில் அதே பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாமினியை வானவில் என்று கொடுத்தால் வேறொரு குப்பைதான் கிடைக்கும்.

அறிவியல், கணக்குத் தாள்களில்தான் பெரிய தலைவலி. ஆங்கிலத்தில் அடித்த வாய்பாட்டையும் இந்த ‘மாற்றி’ பாமினி என்றே நினைத்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடின் வாய்பாடு ‘ஊழு2’ ஆகிவிடும். கவனிக்காமல் நகலெடுத்தால் பத்தாம் வகுப்புப் பிள்ளை அதைப் பார்த்து விழிக்கும். மாற்றியில் ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு வாய்பாட்டையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் 901, 902 என்று எண் போடுங்கள். எண்களை ‘மாற்றி’ தொடாது. வேலை முடிந்ததும் வாய்பாடுகளைத் திரும்பப் போடலாம். அட்டவணைக் கேள்விகளைக் கட்டம் கட்டமாக எடுப்பது நல்லது. மொத்தமாக ஒட்டினால் ‘பொருத்துக’ வரிசை குலையும்.

புதிதாக அடிப்பவர்கள் யூனிகோடில் தமிழ்99 விசைப்பலகைக்கு மாறலாம். உயிர் இடக்கை, மெய் வலக்கை என்று பிரித்திருப்பதால் சீக்கிரம் கைவரும். பீஞ்சமந்தை போன்ற மலையூர்ப் பள்ளிக்கு யூனிகோடு இன்னும் முக்கியம். சிக்னல் வந்துவந்து போகும் இடத்தில் ஸ்கேன் செய்த பக்கங்கள் இறங்கி முடிவதற்குள் வெறுத்துவிடும்; அதே கேள்விகள் யூனிகோடு எழுத்தாக, சாதாரண வாட்ஸ்அப் செய்தியாகவே போய்ச் சேரும்.

மாற்றிய தாளில் ‘ஔ’வை மட்டும் தனியாகத் தேடிப் பாருங்கள். பல கோப்புகளில் அது ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்த இரண்டெழுத்தாக இருக்கும். அச்சில் வித்தியாசமே தெரியாது. அதை அப்படியே கூகுள் ஃபார்ம்ஸில் விடைக்குறிப்பாகப் போட்டுவிட்டால், ‘ஔவையார்’ என்று சரியாக எழுதிய மாணவிக்குப் பூஜ்யம் விழும். குறுவினா விடைகளில் ‘ஔவையார்’, ‘ஒளவையார்’, ‘அவ்வையார்’ மூன்றையும் சரியான விடையாகச் சேர்த்த பிறகே இணைப்பை வகுப்புக்கு அனுப்புங்கள்.