மெம்பரக்கா, தண்ணி வரல

எங்க ஊரு திருவண்ணாமலை மாவட்டத்துல ஒரு சின்ன ஊராட்சி, மொத்தம் 9 வார்டு. 2019 டிசம்பர்ல நடந்த தேர்தல்ல 11 ஓட்டு வித்தியாசத்துல வார்டு மெம்பரா ஜெயிச்சேன், 2020 ஜனவரி 6 பதவியேற்பு, 2025 ஜனவரி 5ஓட முடிஞ்சுது. முதல் ரெண்டு வருஷம் கொரோனாவுலயே போயிடுச்சு, ப்ளீச்சிங் பவுடர் போட்டதத் தவிர எதுவும் ஞாபகம் இல்ல. அதனால கடைசி வருஷத்த மட்டும் எழுதறேன்.

சட்டத்துல ஊராட்சி வேலைன்னு பெரிய லிஸ்ட்டே இருக்கு, ட்ரெய்னிங்ல குடுத்த புக்க நான் முழுசாப் படிச்சேன் (எங்க வார்டுல அதப் படிச்ச ஒரே ஆள் நான்தான்னு நினைக்கறேன்). ஆனா எனக்கு வந்த போன்ல பத்துக்கு எட்டு தண்ணிக்குத்தான். காலைல அஞ்சரைக்கே "மெம்பரக்கா, தண்ணி வரல"ன்னு ஆரம்பிக்கும். வரலன்னா மோட்டார் காயில் போயிருக்கும், இல்ல ஸ்டார்ட்டர் போயிருக்கும், இல்ல மேட்டுத் தெரு வால்வ யாரோ ராத்திரி திருகி விட்டிருப்பாங்க. மூணாவது காரணம்தான் ஜாஸ்தி. ஜல் ஜீவன்ல வீட்டுக்கு வீடு பைப் வந்துச்சு, ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர்னு கணக்கு, நல்ல திட்டம்தான், ஆனா எங்க ஊர்ல பைப்பு புதுசு, போர்வெல் பழசு. முன்னாடி 12 தெருக்குழாய்க்குப் போன தண்ணிய இப்ப 400 வீட்டுக்குப் பிரிச்சு விட்டா கடைசி வீட்டுக்கு காத்துதான் வரும், அதுக்குள்ள முன் வீட்டுக்காரங்க குழாய்லயே சின்ன மோட்டார் வச்சு உறிஞ்சிடுவாங்க, போய்க் கேட்டா "நீ என்ன எங்களுக்கு ஓட்டா போட்ட"ம்பாங்க, ஓட்டு போட வேண்டியது அவங்கதானேங்கறது அந்த நேரத்துல எனக்கே மறந்துடும்.

2024 வெயில் உங்களுக்கே தெரியும். ஏப்ரல்ல மோட்டார் ரெண்டு தடவை எரிஞ்சுது. அந்த நேரம் பார்த்து பார்லிமெண்ட் எலெக்‌ஷன், மார்ச் 16ல இருந்து ஜூன் 6 வரைக்கும் நடத்தை விதி, புது வேலை எதுவும் எடுக்கக் கூடாது. குடிதண்ணி ரிப்பேருக்குத் தடை இல்ல, ஆனா எங்க பில்லு நகரணும்னா தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். எங்க ஊர்ல அவங்க ரெண்டு பேரும் நாலு மாசமாப் பேசிக்கல. எதுக்குன்னு கேட்டா ஒரு சிமென்ட் ரோடு யார் தெருவுக்கு முதல்லங்கறதுல ஆரம்பிச்சதாம். மெக்கானிக் காசு வராம காயில் கட்டித் தர மாட்டேன்னுட்டார், கடைசியா டேங்க் ஆபரேட்டர் அண்ணன் தன் பொண்டாட்டி நகைய வச்சுக் குடுத்தார். அவர் மாசச் சம்பளத்த இங்க எழுதினா நீங்க நம்ப மாட்டீங்க, விடுங்க. அந்தக் காசு அவருக்குத் திரும்பி வர ஆடி மாசம் ஆயிடுச்சு.

மீட்டிங்னு சொன்னா எங்க 9 பேர்ல 5 பேர் பொம்பளைங்க. பாதி இடம் பொம்பளைங்களுக்குன்னு 2016லயே சட்டம் கொண்டு வந்தாங்களே, அதனால. ஆனா நாற்காலில வந்து உக்கார்ற பொம்பளைங்க நானும் இன்னொரு அக்காவும்தான், மத்த மூணு பேருக்கு வீட்டுக்காரர் வருவார், தீர்மான நோட்டு மட்டும் கையெழுத்துக்கு வீட்டுக்குப் போகும். முதல் வருஷம் என் வீட்டுக்காரரும் பின்னாடியே வந்தவர்தான். ஒரு நாள் நோட்ட அவர் கையில குடுத்தாங்க, நான் வாங்கி "இது என் வேலை, நீ போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு"ன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ரெண்டு நாள் பேசல மனுசன், அப்புறம் சரியாயிட்டார்.

கிராம சபை வருஷத்துக்கு 6, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. எங்க கடைசி வருஷத்துல எலெக்‌ஷனால மார்ச்சும் மே மாசமும் போச்சு, நவம்பர் 1 தீபாவளிக்கு மறுநாள், அத 23ஆம் தேதிக்குத் தள்ளிட்டாங்க. ஆக நாலுதான். எங்க ஊரு ஜனத்தொகைக்கு 100 பேர் வந்தாத்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லும். 100 பேர எப்படிக் கூட்டறதுன்னு கேக்கறீங்களா, நூறு நாள் வேலைக்கு வர்றவங்கள அன்னிக்கு வரச் சொல்லிடறதுதான், அவங்களும் மரத்தடில உக்காந்து வெத்தல போட்டுக்கிட்டுக் கையெழுத்து வச்சுட்டுப் போவாங்க. ஆனா அக்டோபர் 2 அன்னிக்கு ஒரு பாட்டி எழுந்து நின்னுச்சு பாருங்க. "போன வருஷமும் இதே சிறுபாலத்தத்தானே எழுதினீங்க, அதுக்கு முந்தின வருஷமும் இதத்தானே எழுதினீங்க, நோட்டு மாத்தினீங்களா இல்ல அதுலயே எழுதறீங்களா"ன்னு கேட்டுச்சு. செக்ரட்டரி பக்கத்தைப் பின்னாடி புரட்டினார், நிஜமாவே அதுக்கு முன்னாடி ஏழு தடவை எழுதியிருக்கு. சுடுகாட்டுக்குப் போற வழில இருக்கற சின்னப் பாலம் அது, உடைஞ்சு கம்பி வெளிய தெரியும். ஒவ்வொரு தடவையும் யூனியன் ஆபீஸ் (ஊராட்சி ஒன்றிய அலுவலகம்) போகும், ஓவர்சியர் வந்து அளப்பார், எஸ்டிமேட் போடுவார், அதுக்குள்ள ரேட்டு ஏறிடும், திரும்ப வரும். அன்னிக்கு எட்டாவதா எழுதினோம்.

நூறு நாள் வேலை பத்திச் சொல்லாம இருக்க முடியாது. அந்த வருஷம் தமிழ்நாட்டுக்குக் கூலி 319 ரூபா. ஆனா அளந்து பார்த்துத்தான் போடுவாங்க, முழுசா 319 எங்க பொம்பளைங்க கைக்கு வந்த நாள் கம்மி. காலைல ஒரு போட்டோ மதியம் ஒரு போட்டோ ஆப்புல ஏத்தணும், எங்க ஏரிக்குள்ள சிக்னல் கிடையாது, பணித்தளப் பொறுப்பாளர் பொண்ணு போனத் தூக்கிக்கிட்டு கரை மேல ஓடும். நவம்பர் கடைசில இருந்து கூலியே ஏறல, பொங்கலுக்கும் வரல. எங்க ஊர் மட்டும் இல்ல, தமிழ்நாடு பூராவும் அப்படித்தான். டெல்லில இருந்து வரலன்னு நான் சொன்னா அவங்களுக்கு எங்க இருந்து வரலங்கறதா முக்கியம், என் வீட்டு வாசல்லதான் வந்து கேட்டாங்க.

அப்புறம் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் 1 ராத்திரி, திருவண்ணாமலைல மலை சரிஞ்சு ஏழு பேர் போன அதே நாள். எங்க ஏரி சாயங்காலமே நிரம்பி கோடி போக ஆரம்பிச்சுடுச்சு. ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணி பாயற நிலம், 100 ஏக்கருக்குக் கம்மியா இருந்தா யூனியன் ஏரி, அதுக்கு மேல நீர்வளத்துறை (முன்னாடி பொதுப்பணித்துறை) ஏரி. எங்களுது யூனியன் ஏரி, அதனால கரை கசியுதுன்னா கேக்க வேண்டியது எங்களத்தான். ராத்திரி பதினோரு மணிக்கு தலைவரும் துணைத் தலைவரும் ஒரே டிராக்டர்ல மண் மூட்டையோட வந்து இறங்கினாங்க, பேசிக்கலதான், ஆனா மூட்டைய ரெண்டு பேரும் ரெண்டு முனையில பிடிச்சாங்க. கரை நின்னுச்சு. சுடுகாட்டுப் பாலம் நிக்கல, காலைல போய்ப் பார்த்தா கம்பி கூட இல்ல. அடுத்த வாரம் பூரா "பக்கத்து விழுப்புரத்துல கார்டுக்கு 2000 குடுக்கறாங்க, நமக்கு ஏன் இல்ல"ன்னு கேள்வி, அத நான் எங்க போய்க் கேக்கறது.

ஜனவரி 5 முடிஞ்சதும் மெம்பருங்களுக்குப் பதிலா ஊராட்சி பிடிஓதான் (வட்டார வளர்ச்சி அலுவலர்) தனி அலுவலர். அவருக்கு எங்க ஊர் மாதிரி எத்தனையோ ஊரு. மெம்பர்னு ஒரு ஆளே இல்ல. ஆனா ஜனங்களுக்கு அது தெரியல, போன் மட்டும் நிக்கல, நானும் பழக்க தோஷத்துல ஆபரேட்டர் அண்ணனுக்குப் போட்டுச் சொல்லிக்கிட்டுத்தான் இருந்தேன்.

மார்ச் மாசம் வரி வசூல். அஞ்சு வருஷமா தெருத் தெருவாப் போய் "வீட்டு வரியும் குழாய் வரியும் கட்டினாத்தான் நம்ம மோட்டார் ஓடும்"னு கத்தினவ நான். செக்ரட்டரி தம்பி வந்து திண்ணைல உக்காந்து தண்ணி கேட்டார், குடிச்சார், அப்புறம் மெதுவா, "அக்கா, உங்க மாமியார் பேர்ல இருக்கற பழைய வீட்டுக்கு அஞ்சு வருஷம் பாக்கி."

"நான் மெம்பரா இருந்தப்ப சொல்றதுக்கென்ன தம்பி?"

"எப்படிக்கா சொல்றது."

போன்லயே கட்டினேன். ரசீத வாங்கிக்கிட்டு, மூலைத் தெரு லைட்டு ரெண்டு வாரமா எரியல, கொஞ்சம் பாருன்னு சொன்னேன். "ஒரு மனு எழுதி யூனியன் ஆபீஸ்ல குடுத்துடுங்கக்கா"ன்னு சொல்லிட்டு வண்டிய ஸ்டார்ட் பண்ணார்.