பக்கத்துலதானே

போன வாரம் எங்கள் கம்பெனிக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவன், அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், பிக்கப்பில் 14 பிளைவுட் பலகையை ஏற்றி முடித்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "போலாம்ணே" என்றான். பலகையைக் கட்டுகிற பெல்ட் கீழேயே சுருட்டிக் கிடந்தது.

"கட்டலையாடா?"

"பக்கத்துலதானேண்ணே. புக்கிட் பாஞ்சாங்தானே."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அவனைத் திட்டவில்லை. சிங்கப்பூருக்கு வந்து பல வருஷம் நானும் இதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் என்னென்ன நடந்தது என்று அன்றைக்கு அவனுக்குச் சொன்னேன். இங்கே பிக்கப்பும் லாரியும் ஓட்டுகிற நம்ம ஆட்கள் நிறையப் பேர், அவர்களும் படிக்கட்டும் என்று இதையும் எழுதுகிறேன்.

சிங்கப்பூரில் எல்லாமே பக்கம்தான். கிழக்கே சாங்கியில் ஆரம்பித்தால் மேற்கே துவாஸ் வரைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து புதுக்கோட்டைக்கு பஸ் பிடித்துப் போகிற தூரம்கூட இங்கே தீவைத் தாண்டிவிடும். அதனால் எந்தச் சுமையை ஏற்றினாலும் 'பத்து நிமிஷம்தான், கால் மணி நேரம்தான்' என்றே மனசு கணக்குப் போடுகிறது. சுங்கை காடுட்டில் மரக்கடை, அங்கேயிருந்து சுவா சூ காங்கில் ஒரு வீடு, உட்லண்ட்ஸில் ஒரு வீடு. கயிறு கட்டுகிற நேரத்தில் பாதி வழி போய்விடலாமே என்று தோன்றும்.

நான் ஓட்டுவது டபுள் கேப் பிக்கப். ஆட்கள் உட்கார இடம் நிறைய, சாமான் வைக்கத் தொட்டி சின்னது. தொட்டி நீளம் ஐந்தடி, பிளைவுட் எட்டடி. பின்கதவைத் திறந்து போட்டால்தான் பலகை உள்ளே போகும். அப்போதும் மூன்றடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். எங்கள் வீடு புதுப்பிக்கிற வேலைக்கு இந்த வண்டி வசதியா என்று கேட்டால், இல்லை. ஆனால் முதலாளியிடம் இருப்பது இதுதான்.

முதல் விபத்து பெயின்ட்டால். ஜூரோங் வெஸ்ட்டில் ஒரு வீட்டு வேலை முடியும் சமயம். வெள்ளை எமல்ஷன், 20 லிட்டர் வாளி, முக்கால் வாளி மீதம். மூடியைக் கையால் அழுத்தி வைத்திருந்தேன், சுற்றிலும் தட்டி இறுக்கவில்லை. வாளியைப் பின்கதவு ஓரமாக நிற்கவைத்துவிட்டேன். பக்கத்து பிளாக்குக்குத்தானே போகிறோம் என்ற நினைப்பு. சிக்னல் மஞ்சள் விழுந்ததும் பிரேக் போட்டேன். பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். வலது பக்கம் திரும்பும்போது உருள்கிற சத்தம். அதற்கும் நான் நிறுத்தவில்லை. பின்னால் வந்த பஸ் டிரைவர் விடாமல் ஹாரன் அடித்த பிறகுதான் கண்ணாடியில் பார்த்தேன். சந்திப்பிலிருந்து என் வண்டி வரைக்கும் தார் ரோட்டில் ஒரு முழ அகலத்துக்கு வெள்ளைக் கோடு, திரும்பின இடத்தில் வளைந்து, நின்ற இடத்தில் குளமாக.

ஓரத்தில் சாக்கடைக் கம்பி இருந்தது. பெயின்ட் அதை நோக்கித்தான் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. இந்த நாட்டில் ரோட்டோரக் கால்வாய்த் தண்ணீர் கழிவாகப் போவதில்லை. தீவின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கில் விழுகிற மழை, கால்வாய் வழியாக நீர்த்தேக்கத்துக்குப் போய், சுத்திகரித்துக் குடிதண்ணீராக வருகிறது. எனக்கு அது தெரிந்திருந்ததால் கை நடுங்கியது. வண்டியில் இரண்டு மூட்டை மரத்தூள் இருந்தது. ஒரு மூட்டையை அப்படியே கம்பி மேல் போட்டு அடைத்தோம், இன்னொன்றைப் பிரித்துப் பெயின்ட் மேல் கொட்டினோம். பிளாக்கிலிருந்து ஒரு சீனப் பெரியவர், எதுவும் கேட்காமல், பழைய பேப்பர் ஒரு கட்டு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். மூன்று பேர் மண்டியிட்டு ஒன்றரை மணி நேரம் வழித்தோம். இந்தப் பக்கம் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து வழுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வழிக்கும்போதே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதற்குப் பிறகும் நான் திருந்தியது பெயின்ட் வாளி விஷயத்தில் மட்டும்தான்.

பொங்கலுக்கு நண்பர்களுக்காகத் தேக்காவிலிருந்து கரும்பு ஏற்றிவந்தபோது ஒரு கட்டு முழுக்க நழுவி ரோட்டில் விழுந்தது. கரும்புத் தோல் மெழுகு மாதிரி. மேட்டில் வண்டி ஏறினால் அது தானே பின்னுக்கு நகரும். பின்னால் கார் எதுவும் இல்லாததால் தப்பித்தோம். அதையும் அதிர்ஷ்டம் என்று விட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் மேலே, மறக்க முடியாதது பிளைவுட்.

அது ஜூலை மாதம். முந்தின நாள் மாலை சுங்கை காடுட்டில் 12 மில்லிமீட்டர் பலகை பத்து ஏற்றி, கிராஞ்சியில் நாங்கள் தங்கியிருந்த இடத்தில் இரவு வண்டியை நிறுத்திவிட்டேன். வெள்ளை நைலான் கயிறு போட்டு ஒரு சுற்று கட்டியிருந்தேன். ராத்திரி மழை. ஊரில் சணல் கயிறு நனைந்தால் இறுகும், அப்பா அதை வைத்தே வைக்கோல் பாரம் கட்டுவார். நைலான் அப்படியில்லை, நனைந்தால் நீளும். காலை ஐந்தே முக்காலுக்கு இருட்டில் கயிற்றைப் பார்த்தேன், சுற்று அப்படியே இருந்தது. இழுத்துப் பார்க்கவில்லை. புக்கிட் பாஞ்சாங்தானே, உட்லண்ட்ஸ் ரோட்டில் நேரே போனால் வந்துவிடும்.

அந்த நேரம் உட்லண்ட்ஸ் ரோடு எப்படி இருக்கும் என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஜொகூரிலிருந்து பாலம் தாண்டி வருகிற மோட்டார் சைக்கிள்கள். நாலு மணிக்கே எழுந்து, கஸ்டம்ஸ் வரிசையில் நின்று, ஏழு மணி ஷிஃப்ட்டுக்கு ஓடுகிறவர்கள். முதுகில் பை, மேலே மழைக்கோட்டு, லாரிக்குப் பின்னாலும் பக்கத்திலும் சர் சர்ரென்று போவார்கள்.

அன்றைக்கு மேற்கே வானம் கறுத்திருந்தது. சுமத்ரா காற்று. சுமத்ராப் பக்கம் உருவாகி மலாக்கா நீரிணையைத் தாண்டி விடியற்காலையில் வந்து அடிக்கிற புயல்மழை. காற்று மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரை வீசும். முதல் காற்று பக்கவாட்டில் வந்து வண்டியை ஒரு உலுக்கு உலுக்கியது. என் வேகம் அறுபது இருக்கும். பின்னால் 'படபட'வென்று தகரம் அடிக்கிற மாதிரி சத்தம். கண்ணாடியில் பார்க்கிறேன், மேல் பலகை தொட்டியிலிருந்து ஒரு கை உயரத்துக்கு எழும்பி ஆடிக்கொண்டிருக்கிறது. பிரேக்கில் கால் வைக்கும் முன்பே அது கிளம்பிவிட்டது. விழவில்லை, பறந்தது. தெருவிளக்கு வெளிச்சத்தில் ஒரு தடவை புரண்டது தெரிந்தது. அதற்குப் பின்னால் ஒரே ஒரு ஹெட்லைட்.

ஓரம் கட்டிவிட்டு ஓடினேன். பலகை இடது லேனில் மூலை அடிபட்டுக் கிடந்தது. அதற்கு இரண்டு முழம் தள்ளி, புல்தரையில் முன்சக்கரம் ஏறி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. ஓட்டிவந்தவர் கீழே விழவில்லை. இரண்டு காலையும் ஊன்றியபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஹெல்மெட் கண்ணாடி மூச்சில் முழுக்கப் பனி பிடித்திருந்தது, உள்ளே முகம் தெரியவில்லை. மழை அதன் மேல் கொட்டுகிறது. "அண்ணே, அண்ணே, அடி பட்டுச்சா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். அவர் கண்ணாடியைத் தூக்கினார். நம்ம ஆள்தான், மலேசியத் தமிழர், நாற்பது வயசு இருக்கும்.

"அடி இல்ல பாஸ்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நேரா மூஞ்சிக்கு வந்துச்சு பாஸ்," என்றார்.

எனக்குப் பேச வரவில்லை. அவர் இறங்கி வண்டியை ஸ்டாண்ட் போட்டார். பிறகு அந்தப் பலகையின் ஒரு முனையைப் பிடித்து, "தூக்குங்க, பின்னாடி ஆளுங்க வராங்க," என்றார். நான் மறுமுனையைப் பிடித்தேன். அவர் கை நடுங்குவது பலகை வழியாக என் கைக்கு வந்தது. வண்டியில் போட்டதும், கட்டியிருந்த கயிற்றில் இரண்டு விரலைக் கொடுத்து மேலே இழுத்தார். கயிறு ஒரு சாண் எழும்பியது. என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மணிக்கட்டில் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்பிப்போனார். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

அப்புறம் ஒரு பாதுகாப்பு வகுப்பில் இதைச் சொன்னபோது, சொல்லிக்கொடுத்தவர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். எட்டடிக்கு நாலடி பிளைவுட், 12 மில்லி, ஏறத்தாழ 20 கிலோ. 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அதன் முழு முகத்தில் பட்டால் 12, 13 கிலோ தள்ளும். அதனால் பலகை அசையாது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு நாலு மடங்கு. அறுபதில் அது 50 கிலோ. கேபின் கூரையைத் தாண்டுகிற காற்று பின்னால் சுழன்று இறங்கிப் பலகைக்கு அடியில் ஒரு விரல் இடைவெளி கிடைத்தாலும் புகுந்துவிடும். மரக்கடைச் சந்துக்குள் மெதுவாக ஓட்டும்போது 'கனமான சாமான், எங்கே போகப்போகுது' என்று நமக்கு வருகிற தைரியம் திறந்த ரோட்டில் செல்லாது. பிரேக்குக்கும் ஒரு கணக்கு சொன்னார். சுமையின் எடையில் பத்தில் எட்டுப் பங்கை முன்பக்கமாகப் போகாமல் பிடிக்கிற பலம் கட்டுக்கு இருக்க வேண்டும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் பாதி எடை. என் பத்துப் பலகை 200 கிலோ என்றால் முன்னால் 160 கிலோ. நான் போட்டிருந்த ஒரு சுற்று நைலான் எதைப் பிடிக்கும்?

கேட்கும்போது அப்பா ஞாபகம்தான் வந்தது. வகுப்பு எதுவும் போகாமலே மாட்டு வண்டியில் முன்பாரம், பின்பாரம் பார்ப்பார். முன்பாரமானால் மாட்டுக் கழுத்து நோகும், பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும். பிக்கப்பிலும் அதேதான், கனமெல்லாம் பின்கதவுப் பக்கம் போனால் ஸ்டீயரிங் லேசாகி வண்டி சொன்ன பேச்சு கேட்காது. பாரம் கட்டி முடித்ததும் அப்பா வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்ப்பார். பக்கத்துக் களத்துக்குப் போனாலும் அந்தச் சுற்று உண்டு.

இப்போது நான் நெம்பி இறுக்குகிற ராட்செட் பெல்ட் இல்லாமல் பலகை ஏற்றுவதில்லை. முதலாளியிடம் கேட்டேன், தயங்காமல் நாலு வாங்கிக் கொடுத்தார். குறுக்கே இரண்டு, முன்பக்கத் தடுப்பாகச் சாய்த்து இரண்டு. நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி. இரண்டு கிலோமீட்டர் ஓடினதும் ஓரம் கட்டி ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன், ஏனென்றால் பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்ததும் பெல்ட் தளரும். ஓரம் கிழிந்த பெல்ட்டை வெட்டிக் குப்பையில் போட்டுவிடுகிறேன். வைத்திருந்தால் யாராவது அவசரத்துக்கு எடுப்பார்கள்.

லாரி ஓட்டுகிற தம்பிகளிடம் இதையும் கேட்டுக்கொள்கிறேன். பின்னால் ஆளும் சாமானும் சேர்ந்து போகிற வண்டி என்றால் இரண்டு மடங்கு கவனமாகக் கட்டுங்கள். ஓவர்டைம் முடிந்து தலை தொங்கத் தூங்குகிறவன் காலடியில்தான் அந்த டைல்ஸ் பெட்டியும் கம்பியும் இருக்கிறது. பிரேக் அடித்தால் அது யார் மேல் போகும் என்று ஏறுவதற்கு முன்னாடி ஒரு தடவை பாருங்கள்.

அறந்தாங்கித் தம்பியிடம் நான் பெல்ட்டைக் கொடுத்தேன். அவன் கட்டினான். ராட்செட்டில் பட்டையை எந்தப் பக்கமாக விடுவது என்று தெரியாமல் இரண்டு தடவை தப்பாக மாட்டி, மூன்றாவது தடவை சரியாக இறுக்கினான். "நீயே இழுத்துப் பாரு" என்றேன். இழுத்தான். எழும்பவில்லை.

அன்று பறந்த பலகை வீணாகவில்லை. அடிபட்ட மூலையை வெட்டிவிட்டு, ஒன்பதாவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறை அலமாரிக்கு முதுகுப் பலகையாகப் போட்டோம். வெட்டின முக்கோணத் துண்டு இப்போதும் தொட்டியில் கிடக்கிறது. பெயின்ட் வாளி ஏற்றினால் உருளாமல் இருக்க அதைத்தான் ஆப்பாக வைக்கிறேன்.