மயிலிறகு ஏன், நுரை ஏன்?

சில ஆண்டுகளுக்கு முன், வடசென்னையின் தண்டையார்பேட்டையில் நான் நடத்தும் மாலை வகுப்பில், ‘பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்’ என்ற குறளைக் கரும்பலகையில் எழுதி, அதன் மையக்கருத்தை எழுதும்படி பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். ‘வண்டியில் அளவுக்கு மேல் சரக்கு ஏற்றக் கூடாது’ என்று ஒரு மாணவன் எழுதியிருந்தான். அவன் தந்தை துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுபவர். எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில் நிற்கும் லாரி வரிசையைத் தாண்டித்தான் அவன் அன்றாடம் பள்ளிக்குப் போய்வந்தான். நான் சிவப்பு மையால் அடித்துச் சுழியம் போட்டு, பக்கத்தில் ‘பிறிதுமொழிதல் அணி’ என்று எழுதிக் கொடுத்தேன். பிழை செய்தவன் நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது.

பிறிதுமொழிதல் என்றால் உவமையை மட்டும் சொல்லிவிட்டு, சொல்லவந்த பொருளைச் சொல்லாமல் விடுவது. மயிலிறகு ஏற்றிய வண்டியும் அளவு மீறினால் அச்சு முறியும் என்ற உவமையை அந்தப் பையன் சரியாகவே கண்டிருந்தான். அதைத் தாண்ட அவனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கேள்வி, அதை நான் கேட்கவில்லை. வண்டி முறிவதைச் சொல்ல வள்ளுவர் கருங்கல்லை ஏற்றியிருக்கலாம், உப்பு மூட்டையை ஏற்றியிருக்கலாம். உலகத்திலேயே எடையற்றது என்று நாம் நினைக்கும் மயிலிறகை ஏன் ஏற்றினார்? இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் குறள் திறந்துகொள்கிறது. ஒவ்வொன்றாகப் பார்த்தால் பொருட்படுத்தத் தேவையில்லாதவை ஒன்று சேர்ந்தால் வலியவனையும் முறிக்கும் என்பது மயிலிறகுக்குள் இருக்கிறது. குறள் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் இருப்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த மயிலிறகுகள் எளிய பகைவர்கள் என்பதும் தெரிந்துவிடும்.

அன்று முதல் என் வகுப்பில் அணியின் பெயர் கடைசியில்தான் வரும். ‘ஏன் இது, ஏன் வேறொன்று இல்லை?’ என்பதுதான் முதல் கேள்வி. தேர்வுக்கு அணியின் பெயரும் இலக்கணமும் சான்றும் பொருத்தமும் எழுதத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பொருத்தம் என்ற பகுதியையும் மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளைக்கு, பாடத்தில் இல்லாத ஒரு பாட்டை நீட்டினால் கை நடுங்குகிறது.

இதை எனக்கு நன்றாகக் கற்றுக் கொடுத்தது குறுந்தொகையின் 290ஆம் பாட்டு.

காமம் தாங்குமதி என்போர் தாம்அஃது
அறியலர் கொல்லோ அனைமதுகையர் கொல்
யாம்எம் காதலர்க் காணேம் ஆயின்
செறிதுனி பெருகிய நெஞ்சமொடு பெருநீர்க்
கல்பொரு சிறுநுரை போல
மெல்லமெல்ல இல்லாகுதுமே

பாடியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. உவமையையே பெயராக்கிக் கல்பொரு சிறுநுரையார் என்று அழைக்கிறோம். ‘பொறுத்துக்கொள் என்கிறார்களே, அவர்களுக்கு இந்த நோய் இன்னதென்று தெரியாதா, இல்லை, அவ்வளவு வலிமை படைத்தவர்களா?’ என்று தொடங்கும் தலைவி, காதலரைக் காணாவிட்டால் வெள்ளத்தில் கல்லின்மேல் மோதும் சிறு நுரையைப் போல மெல்ல மெல்ல இல்லாமல் போவோம் என்று முடிக்கிறாள்.

நுரை ஏன் என்று கேட்டபோது, ‘நுரை வெள்ளையா இருக்கும், தலைவியும் வெள்ளையா இருப்பா’ என்றாள் ஒரு மாணவி. வகுப்பு சிரித்தது, ஆனால் அது சிரிக்க வேண்டிய விடையன்று. தொல்காப்பியம் உவமை தோன்றும் இடங்களை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பிரிக்கிறது. உரு என்றால் இங்கே நிறம்; அவள் அந்த உருவைப் பிடித்தாள். பாட்டோ ‘இல்லாகுதும்’ என்று வினையைப் பிடித்திருக்கிறது. நிறத்தைப் பற்றிப் பாட்டில் ஒரு சொல்லாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு, அவளே அடித்துத் திருத்தினாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஏழெட்டுப் பேரை அழைத்துக்கொண்டு காசிமேட்டுக்கு வடக்கே கரையோரம் நடந்தேன். துறைமுகம் கட்டியபின் வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டு, தெற்கே மெரினா அகலமாக, எங்கள் பக்கத்துக் கரையைக் கடல் தின்றுகொண்டு வந்தது; அதைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள்தான் இன்று எங்களுக்குக் கடற்கரை. ஓர் அலை வந்து மோதியது. கற்களின் இடுக்கில் தங்கிய நுரையை மட்டும் பார்க்கச் சொன்னேன். அது பட்டென்று மறையவில்லை. ஓரத்திலிருந்து ஒவ்வொரு குமிழாக உடைந்து, நடுவில் ஒரு கைப்பிடி அளவு மிஞ்சி, அதுவும் ஓட்டை ஓட்டையாகி, கடைசியில் ஈரக் கல் மட்டும் இருந்தது. ‘மெல்லமெல்ல’ என்ற அடுக்கை அதற்குமேல் விளக்க என்னிடம் எதுவும் இல்லை.

கட்டுமரக்காரர் வீட்டுப் பையன் ஒருவன் சொன்னதுதான் எனக்குப் புதிது. ‘மணல்ல ஏறுற நொர தண்ணியோட திரும்பிப் பூடும் சார். கல்லுல அடிச்ச நொரதான் அங்கியே மாட்டிக்கினு சாவும்.’ பல ஆண்டுகளாக இந்தப் பாட்டை நடத்தியும், ‘கல்பொரு’ என்ற அடைமொழிக்கு நான் இவ்வளவு இடம் கொடுத்ததில்லை. திரும்பிப் போக வழியில்லாத நுரை அது.

அப்படியானால் கல் யார்? கல்லைப் போல் அசையாத காதலன் என்றாள் ஒருத்தி. பொறுத்துக்கொள் என்பவர்கள்தான் கல் என்றான் இன்னொருவன். பாட்டு இதைச் சொல்லவில்லை. என் சாய்வு இரண்டாவது விடையின் பக்கம், ஏனென்றால் தொடக்கத்து இரண்டு கேள்விகளும் அவர்கள்மீதுதான் மோதுகின்றன. ஆனால் இரண்டு விடைக்கும் பாட்டில் கைவைத்துக் காட்ட ஓர் அடி இருக்கிறது, ஆகவே இரண்டையும் ஏற்றேன். கல் என்பது வரதட்சணை என்று மூன்றாவதாக ஒருவன் சொன்னதை ஏற்கவில்லை. அவன் அக்காள் கதை எனக்குத் தெரியும், இருந்தாலும் அதைச் சுட்ட ஒரு சொல்லும் அங்கே இல்லை.

மையக்கருத்து இந்த இடத்தில்தான் பிறக்கிறது. கடைகளில் விற்கும் ஒரு வழிகாட்டி நூலில் இத்தகைய பாட்டு ஒன்றுக்கு ‘மையக்கருத்து: பிரிவு’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்திருந்தார்கள். பிரிவு பேசுபொருள்தானே, பிரிவைப் பற்றிப் பாட்டு என்ன சொல்கிறது என்பதை ஒரு முழு வாக்கியமாக எழுதினால்தான் அது கருத்தாகும். பிள்ளைகள் கூடி எழுதிய வாக்கியம் இது: ‘பொறுத்துக்கொள் என்று சொல்வது எளிது, பொறுப்பவள் யாருக்கும் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறாள்.’ இதில் நுரையும் இருக்கிறது, அந்தக் கேள்விகளின் கோபமும் இருக்கிறது.

சொல் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். கதைப் பாடங்களில் மையக்கருத்தைக் கருப்பொருள் என்று எழுதிப் பழகிய பிள்ளைகள், அகப்பாட்டிலும் கருப்பொருளைக் கேட்டால் மையக்கருத்தை எழுதுகிறார்கள். அங்கே கருப்பொருள் என்பது மீனும் உப்பும் பறவையும் போன்றவை. கருத்துக்கு அருகில் வருவது உரிப்பொருள், இந்தப் பாட்டின் திணையான நெய்தலுக்கு அது இரங்கல்.

உவமைக்கு ‘போல’ தேடும் பழக்கமும் பாதி வழிதான் உதவும். நன்னூல் பன்னிரண்டு உவம உருபுகளைச் சொல்லிவிட்டு ‘பிறவும்’ என்று கதவைத் திறந்து வைத்திருக்கிறது. எங்கள் தெருப் பேச்சில் ‘போல’ என்ற பொருளில் வரும் ‘மாரி’யும் ‘பேயாட்டம்’ என்பதில் வரும் ‘ஆட்ட’மும் அந்தக் கதவு வழியாக வரட்டும் என்று விட்டுவிட்டேன். மலரடி உவமை, அடிமலர் உருவகம் என்பதைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். தொல்லை கொடுப்பது, தொடர்புள்ள இரண்டில் ஒன்றை மட்டும் உருவகமாக்கி மற்றதை விட்டுவிடும் ஏகதேச உருவகம்தான்.

சென்ற மாதம் ‘பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்’ குறளுக்கு வந்தோம். அதே கட்டுமரக்காரர் வீட்டுப் பையன் கையைத் தூக்கினான். ‘இன்னா சார், அவ்ளோ பெரிய கடல நீந்தியே எப்பிடித் தாண்டுறது? போட்டு எங்க?’ பிறவியைக் கடலாக்கியவர் இறைவன் அடியைத் தெப்பமாக்காமல் விட்டதுதான் ஏகதேச உருவகம் என்று அணியின் பெயரை அப்போதுதான் கரும்பலகையில் எழுதினேன். அவன் விடவில்லை. ‘ஏன் சார் சொல்லாம வுட்டாரு?’ என்றான். எனக்குச் சட்டென்று விடை வரவில்லை. நீயே எழுதிக்கொண்டு வா என்றேன். மறுநாள் அவன் நோட்டில் ஒரே வரி இருந்தது: ‘கடலைச் சொன்னாலே எங்களுக்குப் படகு தானாக ஞாபகம் வந்துவிடும்.’