எம்ஜிஎம்டி மெத்திலேஷன் ப்ராஜெக்ட்: வைவாவில் மாட்டும் இடங்கள்

நாகர்கோவில் பக்கத்துக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு நுரையீரல் புற்றுநோயில் டிஎன்ஏ சேதத்தைச் சரிசெய்யும் ரிப்பேர் ஜீன்கள் (எம்ஜிஎம்டி அவற்றில் ஒன்று) மெத்திலேஷனால், அதாவது மெத்தில் குழு ஒட்டுவதால், அணைவதை எடுப்பவர்கள், அதே படிப்பைச் சிஎஸ்ஐஆர் நெட் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளலாம். லைஃப் சயின்ஸ் பகுதி சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண். ஜெல்லைப் பார்த்துக் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கு அது லாபம்.

முதலில் இரண்டு மெத்திலைப் பிரித்துக்கொள்ளுங்கள். புகையிலையிலுள்ள என்என்கே என்ற நைட்ரோசமின், உடலில் மாற்றமடைந்து குவானினின் 6-ஆம் ஆக்ஸிஜனில் மெத்திலை ஒட்டுகிறது. இது சேதம். அப்படியே விட்டால் அந்தக் குவானின் தைமினோடு ஜோடி சேரும். ஜி-சி இருந்த இடம் ஏ-டி ஆகும். எம்ஜிஎம்டி புரதம் அந்த மெத்திலைத் தன் 145-ஆவது சிஸ்டீனில் வாங்கிக்கொண்டு செயலிழக்கும். ஒரு மூலக்கூறுக்கு ஒரே ரிப்பேர் என்பதால், ஜீன் அணைந்தால் கையிருப்பு சீக்கிரம் தீரும். ஜீனை அணைக்கும் மெத்தில் வேறு: ஜீனை இயக்கும் பகுதியான புரோமோட்டரில், சி-க்கு அடுத்து ஜி வருவது நெருக்கமாக உள்ள சிபிஜி தீவில், சைட்டோசினின் 5-ஆம் கார்பனில், டிஎன்எம்டி என்சைம்கள் வைப்பது. அதை எம்ஜிஎம்டி எடுக்காது.

மணவாளக்குறிச்சி மணலைப் பற்றியும் கேட்கலாம். அதிலுள்ள மோனசைட் கனிமத்தின் தோரியத் தொடரிலிருந்து வரும் காமாக் கதிர் இழைமுறிவையும் ஆக்ஸிஜனேற்றச் சேதத்தையும் உண்டாக்கும். எம்ஜிஎம்டியின் வேலை ஆல்கைல் சேதம். இரண்டையும் முடிச்சுப் போடாதீர்கள்.

ஜீனை அணைக்கும் மெத்திலைப் பார்க்கும் செய்முறை மெத்திலேஷன்-ஸ்பெசிஃபிக் பிசிஆர்: டிஎன்ஏ-வைப் பைசல்பைட்டில் மாற்றி, மெத்திலேற்றியதற்கு ஒரு ப்ரைமர் ஜோடி (எம்), ஏற்றாததற்கு இன்னொன்று (யூ) போட்டுப் பெருக்குவது. இதில் தகராறு பெரும்பாலும் பைசல்பைட்டில்தான். 500 நானோகிராம் டிஎன்ஏ போதும். சோடியம் ஹைட்ராக்சைடில் இழைகளைப் பிரித்து, பிஎச் 5 உள்ள பைசல்பைட்டில் 50 முதல் 55 டிகிரியில் ஓர் இரவு வைத்து, சுத்தம் செய்து, மறுபடி காரம் சேர்த்துச் சல்போனேட்டை நீக்க வேண்டும். மெத்தில் இல்லாத சைட்டோசின் யுராசிலாகும். மெத்தில் உள்ளது மாறாது. இரண்டு பருவமழையும் பெய்யும் நம் மாவட்டத்து ஈரக்காற்றில், திறந்த பைசல்பைட் டப்பா கட்டிதட்டிப் போகும். காற்றுபட்டுச் சல்பேட்டாகிவிட்டால் மாற்றம் பாதியில் நிற்கும். மாறாமல் மிஞ்சிய சைட்டோசின் மெத்திலேஷன் மாதிரியே தெரிந்து, பொய்யான எம் பேண்ட் வரும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். மாற்றாத டிஎன்ஏ-வையும் ஒரு குழாயில் ஓட்டுங்கள். அதில் பேண்ட் வந்தால் ப்ரைமரே சரியில்லை.

மாற்றிய டிஎன்ஏ ஒற்றை இழை. நானோடிராப்பில் (டிஎன்ஏ, ஆர்என்ஏ அளவு காட்டும் கருவி) ஆர்என்ஏ அமைப்பில் அளக்க வேண்டும். பிழைதிருத்தும் பாலிமரேஸ் பல யுராசிலைக் கண்டதும் நின்றுவிடும், ஆகவே ஹாட்-ஸ்டார்ட் டாக் (சூடாக்கிய பிறகே வேலை தொடங்கும் பாலிமரேஸ்) போடுங்கள். வழக்கமான எம்ஜிஎம்டி ப்ரைமர்களில் மெத்திலேற்றிய துண்டு 81 பேஸ்பேர், மற்றது 93. துண்டு இவ்வளவு சிறிதாக இருப்பது, ஃபார்மலினில் நொறுங்கிய பாரஃபின் பிளாக் மாதிரிகளுக்கு வசதி. 12 பேஸ்பேர் வித்தியாசத்தைக் கண்ணால் நம்பாமல் 3 சதவீத அகரோஸில் தனித்தனிக் குழியில் ஓட்டுங்கள். முழுதும் மெத்திலேற்றிய டிஎன்ஏ, ஆரோக்கியமானவரின் லிம்போசைட் டிஎன்ஏ, தண்ணீர் மூன்றும் ஒப்பீட்டுக்காக ஒவ்வொரு ஜெல்லிலும் இருக்கட்டும்.

எம், யூ இரண்டு பேண்டும் வந்தால் பதற வேண்டாம். பயாப்ஸித் துண்டில் லிம்போசைட்டும் சாதாரணத் திசுவும் கலந்தே இருப்பதால் யூ பேண்ட் சகஜம். எம் இருந்தால் மெத்திலேற்றம் உண்டு என்றே எழுதுங்கள். எம்எல்எச்1 என்ற இன்னொரு ரிப்பேர் ஜீனைச் சேர்த்துப் பார்ப்பவர்கள் ஒன்று கவனிக்கவும்: பெருங்குடல் புற்றுநோயில் போல நுரையீரலில் மைக்ரோசாட்டிலைட் நிலையின்மையை (திரும்பத் திரும்ப வரும் குட்டித் தொடர்களின் நீளம் மாறுவதை) எதிர்பார்க்கக் கூடாது, அங்கே அது அரிது.

எம் பேண்டைக் காட்டி ஜீன் அணைந்துவிட்டது என்று முடிப்பது எங்கள் கணக்கில் அரைவேலை. புரதம் இல்லை என்று இம்யூனோ சாயத்தில் காட்ட வேண்டும். செல் லைன் இருந்தால் டிஎன்எம்டி-யைத் தடுக்கும் டெசிடபைன் மருந்தைக் கொடுத்து ஜீன் திரும்புகிறதா என்று பார்க்கலாம். மருந்து கரைசலில் நிலைக்காது, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். செல் பிரியும்போதுதான் அது டிஎன்ஏ-வுக்குள் புகுந்து டிஎன்எம்டி1-ஐப் பிடித்துவைக்கும். மெதுவாகப் பிரியும் செல்லில் 72 மணி நேரம்கூடப் போதாமல் போகலாம்.