கால்கரியில் ‘கூல் ரன்னிங்ஸ்’

விமான நிலையத்தின் கதவு திறக்கிறது. ஜமைக்காவிலிருந்து வந்த நால்வரின் முகத்திலும் கனடாவின் கால்கரிக் குளிர் அறைகிறது. இந்தக் காட்சிக்கு என் மகள் சிரிக்கவில்லை. “ஏன் அப்பா, இவர்கள் ஜாக்கெட் போட்டுக்கொண்டு வரவில்லை?” என்று கேட்டாள். இங்கேயே பிறந்தவளுக்கு அது நியாயமான கேள்வி. எனக்குத்தான் சுருக்கென்றது.

‘கூல் ரன்னிங்ஸ்’ 1993இல் வந்த படம். பனியே பார்த்திராத ஜமைக்காவிலிருந்து 1988 கால்கரி குளிர்கால ஒலிம்பிக்குக்கு வந்து, பாப்ஸ்லெட் என்னும் பனிச்சறுக்கு வண்டியை ஓட்டிய அணியின் கதை. மதுரையில் சித்தப்பா வீட்டுக்குக் கேபிள் வந்த புதிதில் அதைப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை மதியம், கறிக்குழம்பு உண்ட களைப்பில் பெரியவர்கள் கண்ணயர்ந்திருந்தார்கள். ஆங்கிலம் பாதிகூடப் புரியவில்லை. குளிருக்குப் பழகுகிறேன் என்று ஒருவன் ஐஸ்கிரீம் வண்டிக்குள் உட்கார்ந்து, சடைமுடி உறைந்து ஒடிவதைப் பார்த்துச் சிரிக்க மொழி எதற்கு? சித்தி எழுந்து வந்து அதட்டும்வரை சிரித்தோம்.

பிறகு ஒரு ஜனவரியில், அண்ணன் ஊட்டியில் வாங்கித் தந்த ஸ்வெட்டரோடு நானே இந்த ஊரில் வந்து இறங்கினேன். மூச்சு இழுத்ததும் மூக்குக்குள் ஈரம் உறைந்தது. அதன்பின் அந்தக் கதவுக் காட்சி எனக்கு நகைச்சுவையாகத் தெரிந்ததே இல்லை.

இப்போது பழகிவிட்டது. ராக்கி மலைகளைக் கடந்து சினூக் காற்று வீசினால் சில மணி நேரத்தில் பனி உருகி ஓடும். ஊரோடு சேர்ந்து நானும் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டு நடப்பேன். நடக்கும்போதே மனம் சித்தப்பா வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விடும். மின்சாரம் போன இரவுகளில் அங்கேதான் பாய் விரித்துப் படுப்போம். 1988 பிப்ரவரியில் ஒலிம்பிக் நடந்தபோதும் இந்தச் சூடான காற்று வீசிச் சில போட்டிகள் தள்ளிப்போயின. படத்தில் அது இல்லை.

அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது வேறொன்று. அந்த நால்வரும் போன இடமெல்லாம் ஏளனப்படுவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் இந்த ஊர் அவர்களைக் கொண்டாடியது. மற்ற நாட்டு வீரர்களும் உதவினார்கள். பாப்ஸ்லெட் வண்டி கவிழ்ந்த பின் அதைத் தோளில் சுமந்து வருவதாகப் படத்தில் வரும். நிஜத்தில் அவர்கள் எழுந்து வண்டியின் பக்கத்தில் நடந்து வந்தார்கள், கூட்டம் கைதட்டியது. எனக்கு அந்த நடை போதும். முன்பின் தெரியாதவர்கள் விழுந்து எழுந்ததற்காகக் கைதட்டிய ஊர் இது! என் முதல் குளிர்காலத்தில், பெயர்கூடத் தெரியாத பக்கத்து வீட்டுக்காரர் என் வாசல் பனியையும் சேர்த்தே வாரிப்போட்டார். அந்த மனிதர்களைப் படத்தில் தேடித் தேடிப் பார்க்கிறேன்.

அவர்கள் சறுக்கிய பாதை 2019இல் மூடப்பட்டுவிட்டது. ஊருக்குப் போன் செய்தபோது சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். 1994இல் நார்வேயில் நடந்த ஒலிம்பிக்கில் ஜமைக்கா அணி 14ஆம் இடம் பிடித்து அமெரிக்காவையே முந்தியது என்றதும், “அப்படியானால் இரண்டாம் பாகம் எப்போது?” என்று கேட்டார். எடுத்தால் முதல் நாளே பார்ப்பேன்.