படிவத்தில் இடமில்லாத கொறங்காடு

வங்கியின் வேளாண் கடன் பிரிவில் நான் பார்த்த வேலையின் பெரும்பகுதி பல்லடம், தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கிளைகளில் கழிந்தது. என் கையெழுத்தில் எழும்பிய கறிக்கோழிப் பண்ணைகளை நான் எண்ணி வைக்கவில்லை. ஆனாலும் தாராபுரம் சாலையில் பேருந்தில் போகும்போது, கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கும் கொட்டகைகளில் எவற்றுக்கு நான் மதிப்பீடு எழுதினேன் என்பது இன்றும் எனக்கு அடையாளம் தெரியும்.

கொட்டகைக்குக் கடன் கொடுப்பது எளிது. ஒரு கோழிக்கு ஏறத்தாழ ஒரு சதுர அடி என்று வைத்தால் 5,000 கோழிக்கு எவ்வளவு சிமெண்ட், எவ்வளவு தகடு, எவ்வளவு கம்பிவலை என்பது மேசையில் உட்கார்ந்தபடியே கிடைத்துவிடும். ஒப்பந்த முறையில் கோழி நிறுவனம் குஞ்சும் தீவனமும் மருந்தும் தருகிறது. பண்ணைக்காரர் கொட்டகை, தண்ணீர், மின்சாரம், தரையில் பரப்பத் தேங்காய் நார்த்தூள், குடும்பத்தின் உழைப்பு எல்லாவற்றையும் தருகிறார். 40, 45 நாளில் இரண்டு கிலோவை எட்டும் கோழிகளைப் பிடித்துப் போனபின், கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். ஆண்டுக்கு 6 பேட்ச் என்றுதான் எல்லோரும் திட்ட அறிக்கையில் எழுதுவார்கள், நானும் எழுதினேன். கறி விலை சரிந்த காலங்களில் குஞ்சு இறக்குவது தள்ளிப்போய் ஆறு நான்காகச் சுருங்கியபோதும், தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்தது. கோழி அவருடையதல்ல, தீவனமும் அவருடையதல்ல. கடன் மட்டும் முழுக்க அவருடையது. சித்திரை வெயிலில் ஒரே மதியத்தில் செத்த கோழிகளைக் குழிக்கு இழுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் தவணை பாக்கி பற்றிப் பேச நேர்ந்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

பண்ணைகளை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சத்துணவுக் குழந்தைகளின் தட்டில் நாமக்கல் முட்டை விழுவதன் அருமை எனக்குத் தெரியும். அரசின் பணமும் வங்கியின் பணமும் எதைத் தேடிப் போகின்றன, எதைக் கண்டும் காணாமல் கடந்து போகின்றன என்பதுதான் என் கவலை.

தேசியக் கால்நடை இயக்கம் என்ற மத்திய அரசுத் திட்டம் 2021-22இல் திருத்தி அமைக்கப்பட்டபின், ஆட்டுப் பண்ணைக்கு 50 விழுக்காடு மூலதன மானியம் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் இடையிலுள்ள ஒரு ஊரிலிருந்து ஓர் அம்மா வந்தார். அவரிடம் நாலு ஏக்கர் கொறங்காடும் (உயிர்வேலி போட்டு வளர்க்கும் மானாவாரி மேய்ச்சல் நிலம்), 18 மேச்சேரிச் செம்மறி ஆடுகளும், இரண்டு காங்கேயம் மாடுகளும் இருந்தன. 500 பெட்டைக்கும் 25 கிடாவுக்கும் 50 லட்சம் வரை மானியம் உண்டு. கீழ் எல்லையே 100 பெட்டை, 5 கிடா என்று விளக்கினேன். அவர் கோபப்படாமல் கேட்டார்: “ஏனுங்க சார், நூறு ஆடு வெச்சிருக்கறவன் எதுக்குங்க உங்ககிட்ட வர்றான்?”

வேறு ஏதாவது வகையில் உதவ முடியுமா என்று பார்க்க, இளம் அலுவலர் ஒருவரோடு அவருடைய காட்டுக்குப் போனேன். சுற்றிலும் இடைவெளி இல்லாத கிளுவை வேலி. நடுவேலி போட்டு மூன்றாகப் பிரித்திருந்தார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே வெள்வேல மரங்கள். ஒரு துண்டில் மேய்ச்சல் முடிந்தால் படலைத் திறந்து அடுத்த துண்டுக்கு ஓட்டுகிறார்கள். மழை விழுந்ததும் மேய்ந்த துண்டில் புல் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. கோடையில் புல் காய்ந்தபின் வேலங்காய் உதிர்ந்து ஆடுகளின் வயிற்றைப் பார்த்துக்கொள்கிறது. புழுக்கையும் சாணமும் விழுந்த இடத்திலேயே எருவாகின்றன. இந்த மேய்ச்சலுக்கு ஆழ்குழாய்க் கிணறு வேண்டாம். கோழித் தீவனம் போல வடநாட்டுச் சோயாவை எதிர்பார்த்திருக்கும் தேவையும் இல்லை. காங்கேயம் இனத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்கி வந்த நிலம் இதுதான்.

உடன் வந்தவர் படிவத்தில் நிலப் பயன்பாடு என்ற இடத்தில் ‘தரிசு’ என்று எழுதிவிட்டு அதை வாசித்துக் காட்டினார். “தரிசுன்னு எழுதாதீங்க தம்பி. எங்க மாமனார் காலத்துல இருந்து இந்தக் கொறங்காடு ஒரு வருசம் சும்மா கெடந்ததில்லீங்க” என்றார் அந்த அம்மா. எந்தச் சொல்லை எழுதுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. படிவம் பயிரையும் பாசனத்தையும் கட்டடத்தையும் கேட்டது, மேய்ச்சலைக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மானியம் என்றாலே நான் இந்தக் காட்டை வைத்துத்தான் யோசிக்கிறேன். உழவர் தலைவர் வையம்பாளையம் நாராயணசாமி நாயுடு கட்டி எழுப்பிய போராட்டங்களின் தொடர்ச்சியாக, 1990இல் எல்லா உழவர்களின் பம்புசெட்டுகளுக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது உயிர்விட்டுப் பெற்ற உரிமை. அதன்மேல் கை வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஆயினும் அதன் பலன் மோட்டார் ஓடும் தோட்டத்துக்குப் போகிறது. நீர் இறைக்காமலே வாழும் கொறங்காட்டுக்கு அதில் பங்கு இல்லை. கிசான் சம்மான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய் நேரே கணக்கில் விழுகிறது. அதே வழியில், கிளுவை வேலியும் கொழுக்கட்டைப் புல்லும் உயிரோடு இருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஏன் கொடுக்கக் கூடாது? ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் நேரடி மானியத்தில் ஒரு பகுதியைச் சுற்றுச்சூழலைக் காக்கும் உழவு முறைகளுக்கென்றே ஒதுக்குகிறது. இங்கேயும் ஆட்டுப் பண்ணை மானியத்தின் கீழ் எல்லையை 20 ஆடுகளுக்கு இறக்கலாம். வேலி புதுப்பிக்கும் கூலியையும் திட்டச் செலவில் சேர்க்கலாம். இவற்றை ஒரு குறிப்பாக எழுதி மேலிடத்துக்கு அனுப்பினேன். திட்ட வழிகாட்டுதலில் இடமில்லை என்ற ஒற்றை வரியோடு அது திரும்பி வந்தது.

அந்த அம்மாவுக்கு நான் கொடுக்க முடிந்தது நகைக்கடன் மட்டுமே. இரண்டு வளையலை வைத்து, சரிந்திருந்த மேற்கு வேலிக்குக் கிளுவைக் குச்சி நட்டு, நாலு பெட்டைகள் வாங்கினார். கன்னிவாடிச் சந்தையில் கிடாக்குட்டிகளை விற்ற பணத்தோடு, கெடு முடியும் முன்பே வந்து நகையை மீட்டுக்கொண்டு போனார். எங்கள் கிளையின் பதிவேட்டில் அது கால்நடைக் கடனாக ஏறவில்லை.