துறைக்கு எண் இல்லை

பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மையத்தில் நான் சேர்ந்தபோது, வளாகத்தின் ஐபி முகவரிகள், அதாவது வலையமைப்பில் ஒவ்வொரு கருவிக்கும் உள்ள எண்கள், துறைவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தன. இயற்பியலுக்கு ஒரு தொகுதி, வேதியியலுக்கு அடுத்தது, நிர்வாகத்துக்கு எல்லாவற்றிலும் பெரியது. எல்லாமே 10 என்று தொடங்கும் உள்முகவரிகள். 1996இல் வகுத்த விதிப்படி அந்த 1,67,77,216 எண்களை எந்த நிறுவனமும் யாரையும் கேளாமல் தன் சுவர்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஜெயநகரிலும் மல்லேஸ்வரத்திலும் மூன்றாவது கிராஸ் என்ற குறுக்குத் தெரு இருப்பதைப் போல, அதே எண் வேறொரு கல்லூரியிலும் இருக்கும். வளாகத்தைத் தாண்டும்போது எல்லைக் கருவி அதைப் பொது முகவரியாக மாற்றி அனுப்பும்.

துறைவாரிப் பிரிப்பு பார்வைக்கு ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் தரவை உரிய பாதையில் அனுப்பும் ரவுட்டருக்குத் துறை என்ற ஒன்று தெரியாது. எந்த எண்தொகுதி எந்தக் கேபிளின் மறுமுனையில் இருக்கிறது என்பது மட்டுமே தெரியும். ஒரு கட்டடத்தின் எண்கள் அடுத்தடுத்து அமைந்தால், 4,096 முகவரிகளை ஒரே வரியாக மைய ரவுட்டரின் பாதைப் பட்டியலில் எழுதிவிடலாம்; முகவரியின் 32 பிட்டுகளில் முதல் 20 பொதுவாக இருப்பதால் அதற்கு /20 என்று பெயர். வேதியியலின் ஓர் ஆய்வகம் புதுக் கட்டடத்துக்குக் குடிபோனபோது, தன் 256 முகவரிகளையும் கையோடு கொண்டுபோனது. கருவிகளில் எண்ணை மாற்ற இயலாது என்றார்கள். நாங்களும் தனி வரி ஒன்றைச் சேர்த்துக் கொடுத்தோம். பெரிய தொகுதியும் சிறிய தொகுதியும் ஒரே முகவரிக்குப் பொருந்தினால் ரவுட்டர் சிறியதையே தேர்ந்தெடுக்கும் என்பதால் அது வேலை செய்தது. அடுத்த துறையும் கேட்டது. மறுக்க எங்களுக்கு முகம் இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின், சாலைப் பணிக்குத் தோண்டியவர்கள் புதுக் கட்டடத்தின் ஃபைபரை அறுத்தார்கள். ஆய்வகம் துண்டிக்கப்பட்டதில் வியப்பில்லை. பழைய வேதியியல் கட்டடமும் சேர்ந்து திணறியதுதான் புரியவில்லை. தரவு போகும் வழியைக் காட்டும் ட்ரேஸ்ரூட் கட்டளையை ஓட்டினால் மையம், பழைய கட்டடம், மையம், பழைய கட்டடம் என்று இரண்டே பெயர்கள் மாறிமாறி வந்தன. கோலார் தங்கவயலைச் சேர்ந்த எங்கள் மூத்த பொறியாளர் திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, சின்ன வரி விழுந்துடுச்சு, பெரிய வரி இன்னும் நிக்குது" என்றார். இணைப்பு அறுந்ததும் தனி வரி தானாக நீங்கியிருந்தது. ஆய்வகத்துக்கான பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) /20 வரியைப் பின்பற்றிப் பழைய கட்டடத்துக்குப் போயின; அங்கே அந்த எண்கள் இல்லாததால், தெரியாததையெல்லாம் மையத்துக்கு அனுப்பு என்ற பொதுவிதிப்படி திரும்பி வந்தன; மையம் மறுபடி அங்கேயே அனுப்பியது. ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் ஆயுள் எண்ணிக்கை தீரும்வரை ஒவ்வொரு பாக்கெட்டும் இப்படிப் பந்தாடப்பட்டு இணைப்பை அடைத்தது. தன்னிடம் இல்லாத எண்ணுக்கு வருவதை அங்கேயே கைவிடுமாறு பழைய கட்டடத்து ரவுட்டரில் ஒரு வரி எழுதியதும் சுழற்சி நின்றது. அதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டியவன் நான்தான்.

இன்னும் நீளமான முகவரிகள் கொண்ட புதிய முறையான ஐபிவி6க்கு மாறியபோது எங்களுக்குக் கிடைத்த /48 தொகுதியில் 65,536 சப்நெட்டுகளுக்கு (உட்பிரிவுகளுக்கு) இடம் இருந்தது. அவற்றைக் குறிக்கும் நான்கு பதினாறடிமான (0–9, a–f) இலக்கங்களில் இரண்டைக் கட்டடத்துக்கும் ஒன்றை மாடிக்கும் ஒன்றைப் பயன்பாட்டுக்கும் ஒதுக்கினோம். துறைக்கு எதுவும் இல்லை என்பதில் சிலருக்கு மனத்தாங்கல். பழைய எண்களையும் விடுமுறைதோறும் கட்டடவாரியாக மாற்றினோம். தானாக முகவரி பெறும் கணினிகள் ஓரிரவில் மாறின. கையால் எண் எழுதப்பட்ட பிரிண்டர்களுக்கு மாதங்கள் ஆயின. அந்த ஆய்வகத்தின் ஒரு கருவியில் மட்டும் எண்ணை மாற்றத் தெரிந்தவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்த ஒற்றை முகவரிக்காக ஒரு /32 வரி மைய ரவுட்டரில் இன்னும் இருக்கிறது.